குழந்தைகளுடன் மலைவாசம்

நம் கல்லூரியை விட்டேகி இல்லறம் நடாத்தும் பழைய மாணவர் பலர், பங்குனி பிறந்ததும் எம்மை நாடி வந்து கேட்கும் வினா ஒன்றுண்டு. ‘சிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எந்த மலைக்குப் போகலாம்?’ என்பதே அது. வினவுவோர் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியலும் இருக்கும். பார்க்கவேண்டிய இடங்கள் பதினான்கு. தங்கும் நாள் இரண்டு. அதனைக் காணுந்தோறும் எமக்கு அப்பிள்ளைகள்பால் இரக்கமே மிகுகின்றது. எந்த மலை என்பது சிறிய வினா. அம்மலையில் எந்த வீடு என்பதே பெரியது என்பது எம் கருத்து. அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

யாமும் ஒருகாலத்துப் பட்டியலுடன் அலைந்தவர்களே. சில ஆண்டுகட்கு முன் ஒரு மே மாதத்தில், ஒன்பது வயதுப் பெண்ணும் ஆறு வயதுப் பையனும் உடன்வர, உதகமண்டலம் சென்றோம். மலை ஏறி முடியுமுன் பையன் மூன்று முறை வாந்தியெடுத்தான். தாவரத் தோட்டத்தில் மலரினும் மனிதத் தலைகளையே மிகுதியாகக் கண்டோம். தொட்டபெட்டாச் சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் அசையாது நின்றுவிட, எம் வண்டியின் பின்னிருக்கையில் பெரும்போர் மூண்டது. அதனைத் தணிக்கப் புகுந்த தாய்க்கும் தந்தைக்கும் இடையே வேறொரு போர் மூண்டது. ஊர் திரும்பியபின், ‘மலையில் உங்கட்கு மிகவும் பிடித்தது யாது?’ என்று பிள்ளைகளைக் கேட்டோம். வழியிலிருந்த தேநீர்க்கடையின் வாயிலில் விளையாடிய நாய்க்குட்டிகள் என்று இருவரும் ஒரே குரலில் விடையிறுத்தனர். அப்பிரயாணம் முழுவதிலும் அவ்விருவரும் ஒருமித்தது அவ்வொன்றில்தான். நாய்க்குட்டியைக் காண்பதற்கு 2,200 மீட்டர் ஏறவேண்டுவதில்லை அன்றோ?

குழந்தைகளை முன்னிட்டு மலையை நாடும் வழக்கம் நம் நாட்டில் இத்தகைய ஓட்டமாகத் தோன்றியதன்று. 1834ஆம் ஆண்டு மதுரையில் தொண்டு தொடங்கிய அமெரிக்க மிஷனாரின் குடும்பங்களைச் சமவெளியின் வெப்பமும் நோயும் வாட்டின. முதலில் அவர்கள் சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். காய்ச்சல் ஆங்கும் தொடர்ந்தது. அதன்பின்னரே 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளை எழுப்பினர். இன்று யாவரும் வலம்வரும் ஏரி அன்று இல்லை. லெவிஞ்சு துரை ஓடைக்கு அணையிட்டு நீரைத் தேக்கியது 1863இல்தான். காட்சியென்று பிறர் அமைத்து வைத்தது ஒன்றுமில்லாத ஓரிடத்திற்கு, வண்டிச்சாலை இல்லாத அந்நாளில், நடந்தும் குதிரையேறியும் ஆட்கள் சுமக்கும் நாற்காலியில் அமர்ந்தும் அவர்கள் ஏறினர். (நாற்காலி சுமந்தவர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் கோடை விடுமுறை இருந்ததில்லை என்பதையும் மறத்தலாகாது.) அத்துணை வருந்தி ஏறியவர் இரண்டு நாளில் இறங்க மனங்கொள்வரோ? ஒரு வீட்டில், வாரக்கணக்கில், ஒன்றும் செய்யாது இருந்தனர். மோட்டார் வண்டி வந்து பிரயாணத்தை எளிதாக்கியபின், இருத்தல் என்பதையே நாம் மறந்துவிட்டோம்.

இனி, வீடு தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவோம். மிக உயர்ந்த மலையே மிக நல்ல மலை என்பது வீண் எண்ணம். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும். சேலத்தினும் ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர்ந்தது. ஆகவே ஏழெட்டு டிகிரி தணிவு கிட்டும். பிள்ளைகள் வெயிலில் ஓடியாட அது போதும். ஏற்காட்டுச் சாலையில் கொண்டையூசி வளைவுகள் 20, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. வாந்தியெடுக்கும் பிள்ளையை உடையோர் இவ்வெண்களை மனத்தில் வைத்து மலையைத் தேர்க. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெறல் வேண்டும் என்று உயர்நீதிமன்றம் ஆணையிட, அவ்விதி 2024 மே 7ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. அரசே எண்ணிப் பார்க்கவேண்டிய அளவிற்குக் கூட்டம் சேரும் இடத்தில், ஆறு வயதுப் பையனுக்கு என்ன அமைதி கிட்டப்போகின்றது?

வீட்டினும் வீட்டைச் சூழ்ந்த நிலமே முதன்மையானது. பகற்பொழுதில் தாய் தந்தையர் தாழ்வாரத்தில் அமர்ந்திருக்க, பிள்ளைகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் தம் மனம்போல் திரியத்தக்க இடம் உண்டா? இவ்வொன்றையே யாம் முதலிற் கேட்போம். படத்தில் பள்ளத்தாக்கின் விளிம்பில் தொங்குவதுபோல் தோன்றும் குடில் புதுமணத் தம்பதிகட்கு ஆகலாம். சிறுவரை உடையோர் அங்கே நான்கு நாளும் பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரும். மரத்தின்மேற் கட்டிய குடிலும் அத்தகையதே. ஏணியை இரவில் யார் காப்பது? வேலியில்லாத நீச்சற்குளம் உள்ள இடத்தை யாம் விசாரிப்பதுமில்லை. இக்காலத்தில் ‘காட்டேஜ்’ எனப் பலகை தூக்கியவற்றுட் பல, சிமெந்துச் சுவருக்கு மரவண்ணம் பூசியவை. அவற்றை ஏளனம் செய்யோம். ஆயினும் ஓட்டுக்கூரையும் அகன்ற தாழ்வாரமும் உடைய பழைய தோட்டத்து வீடு கிடைக்குமாயின் அதற்கு நிகரில்லை. மழைநாளில் பிள்ளைகளைக் காப்பது தாழ்வாரமேயாகும்.

அத்தகைய வீடொன்று, உதகை சென்றுவந்த மறு ஆண்டில், சேர்வராயன் மலையிற் காப்பித் தோட்டத்தினிடையே எமக்குக் கிடைத்தது. நான்கு இரவுகள் தங்கினோம். கைப்பேசிக்கு அலை எட்டவில்லை. முதல்நாள் பிள்ளைகள் எம்மைப் படுத்திய பாடு கொஞ்சமன்று. ‘இங்கே என்ன இருக்கிறது, அப்பா? எப்போது இறங்குவோம்?’ என்று பையன் மணிக்கொரு முறை கேட்டான். இரண்டாம் நாள் காலையிலும் அதே முறையீடு. அன்று பிற்பகலில் திடீரென அரவம் அடங்கிற்று. அஞ்சிச் சென்று பார்த்தோம். தொட்டியிலிருந்து வழிந்தோடும் நீரை இருவரும் கல்லும் மண்ணும் கொண்டு தடுத்து அணை கட்டிக்கொண்டிருந்தனர். உடைவதும் கட்டுவதுமாக அவ்வேலை மூன்றாம் நாளும் நடந்தது. தோட்டத்துக் காவலரின் பேரனும் சேர்ந்துகொண்டான். அவ்வாண்டு பூமழை தாழ்த்துப் பெய்தமையால், நாலாம் நாள் காலையில் காப்பிச் செடியெல்லாம் வெண்மலர் போர்த்து மல்லிகைபோல் மணந்தன. அதனைப் பெண் ஒரு கணம் நோக்கிவிட்டு, அணையைப் பார்க்க ஓடினாள்!

இதிலிருந்து யாம் அறிந்தது ஒன்று. நகரத்துப் பிள்ளையின் மனத்திலுள்ள பரபரப்பு அடங்க ஒன்றரை நாள் வேண்டும். அதற்குப் பின்னரே விளையாட்டுத் தானாகப் பிறக்கின்றது. இரண்டு நாட் பிரயாணம் செய்வோர் அது பிறக்குமுன் பெட்டி கட்டிவிடுகின்றனர். ஆதலால் நான்கு இரவு ஓரிடத்தில் தங்க இயலாதாயின், மலைக்குச் செல்லாது பாட்டி வீட்டிற்கு அனுப்புதலே மேல் என்று யாம் துணிந்து கூறுவோம். செலவு மிகுமே என்பார்க்கு எம் கணக்கைச் சொல்வோம்: நுழைவுச்சீட்டும் வாடகை வண்டியும் ஓட்டற் சாப்பாடும் இல்லாமையால், ஏற்காட்டு நான்கு இரவுகட்கு ஆனது உதகையின் இரண்டு இரவுகட்கு ஆனதினும் குறைவே.

மறு ஆண்டும் அவ்வீட்டிற்கே சென்றோம். நண்பர் சிலர் நகைத்தனர். நார்வே நாட்டில் மக்கள் 55 இலட்சத்தினர். மலையிலும் கடலோரத்திலும் அவர்கட்குள்ள விடுமுறைக் குடில்கள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டவை. ஆண்டுதோறும் அதே குடிலுக்குச் செல்லுதல் அங்கே குடும்ப வழக்கம். அதனை நகைப்பார் இலர். சென்ற ஆண்டு கட்டிய அணை இருக்கின்றதா என்று பார்க்கும் ஆவல் புதிய இடத்தில் எங்ஙனம் உண்டாகும்?

காட்டிலாகா விடுதிகளைப் பற்றியும் கேட்கின்றனர். ஆனைமலையில் டாப்சிலிப்பில் தங்குதல் பெரும்பேறே. மலையுச்சியிலிருந்து தேக்குமரங்களைச் சரித்துவிட்டமையால் வந்த பெயர் அது. ஆயின் அது புலிகள் காப்பகத்தின் அகத்தது. பிள்ளைகளைத் தம் போக்கில் திரியவிடல் ஒருபோதும் ஆகாது. பத்து வயதுக்கு மேற்பட்டு, சொற்கேட்டு அமைதியாக நடக்கவல்ல பிள்ளைகட்கே அது தக்கது. தோட்டத்து வீடுகளும் அச்சமற்றவை என்று எண்ணற்க. கொடைக்கானலில் காட்டுமாடுகள் தெருவிலே நடக்கின்றன. வால்பாறையில் 2025 சூன் மாதத்தில் தோட்டத் தொழிலாளியின் நான்கு வயதுப் பெண்ணைச் சிறுத்தை கவ்விச் சென்று கொன்றது. நான்கு நாள் விருந்தினராகச் செல்லும் நாம் பொழுது சாய்ந்ததும் கதவடைத்துக்கொள்ளலாம். அந்நிலத்திலேயே ஆண்டு முழுதும் வாழ்வோர்க்கு அது இயலுமா? வீட்டின் வாடகையைப் பேரம் பேசுமுன் இதனையும் நினைத்தல் நன்று.

தீமூட்டிச் சுற்றியமர்ந்து பாடுவதை இன்று ஒவ்வொரு விடுதியாரும் ஆசைகாட்டுகின்றனர். மாசி முதல் வைகாசி வரை மலைப்புல் உலர்ந்து நிற்கும் காலம். 2018 மார்ச்சு 11ஆம் நாள் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறச் சென்றவர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் தீமூட்டித் தருவோம் என்னும் விடுதியார் பிற காவல்களையும் இவ்வாறே நோக்குவர் என்று கொண்டு, யாம் அவ்விடத்தை நீக்கிவிடுவோம்.

யாம் முதலிற் கேட்கத் தவறியது ஒன்றுண்டு. ‘அடுக்களை வசதியுடன் கூடியது’ என்ற விளம்பரத்தைக் கண்டு மகிழ்ந்து சென்றோம். மூன்றாம் நாள் இரவு எம் இல்லாள், ‘இங்கேயும் அடுப்பு, அங்கேயும் அடுப்பு. எனக்கு மலை எங்கே இருக்கிறது?’ என்றார். விடை கூற எமக்கு நா எழவில்லை. நான்காம் நாள் சமையல் எம்முடையதாயிற்று. சோறு குழைந்தது, இரசத்தில் உப்பில்லை, பிள்ளைகள் ஒன்றும் கூறாது உண்டனர். அதன்பின் செல்லும் ஆண்டெல்லாம், காவலர் மனைவியார் கூலிக்குச் சமைத்துத் தருவாரா என்று முதற்கண் எழுதிக் கேட்கின்றோம். அவர்க்கு இயலாத வேளையில், இன்னார் இன்ன வேளை என்று முறைவகுத்து, ஊரிலேயே தாளில் எழுதிக்கொண்டு புறப்படுகின்றோம். இவ்வாண்டு அத்தாளில் காலைச் சிற்றுண்டி எம் பெயரிலும், மாலைத் தேநீர் பெண்ணின் பெயரிலும் உள்ளன. பையனுக்கு அணைவேலை மிகுதியாம். பாத்திரம் கழுவுதல் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கின்றான்.