ஒரே கடா, இரண்டு சட்டம்



பங்குனி பிறந்தால் நம் பக்கத்தில் பாதி வீடுகளில் நேர்த்திக்கடன் பேச்சுதான். பட்டாசு ஆலைக்குப் போகிற அக்கா போனஸ் காசில் குட்டி வாங்கி, கொழை ஒடித்துப் போட்டு வளர்ப்பார். சாமிக்கு விட்ட கடா என்று தெருப் பிள்ளைகள்கூட அதன் மேல் கல் எறியாது.

அதே கடாவை ராஜபாளையம், தென்காசி, எல்லையில் இருக்கும் புளியரை எல்லாம் தாண்டிக் கொண்டுபோய், ஆரியங்காவில் கோயில் முன் வெட்டினால்? குற்றம். கேரளத்தில் 1968-ல் போட்ட பலித் தடைச் சட்டம் இருக்கிறது. கறிக்கடையில் வெட்டலாம், சாமிக்கென்று கோயிலில் வெட்டக்கூடாது.

நமக்கும் அப்படி ஒரு சட்டம் இருந்தது. 1950-ல் வந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் ஏட்டிலேயே கிடந்தது. 2003-ல் ஜெயலலிதா அரசு கறாராக அமல்படுத்தச் சொன்னபோதுதான் பல ஊர்க்காரர்களுக்கு அது இருப்பதே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது, 2004-ல் நீக்கினார்கள். நீக்கியது சரி என்பதே என் எண்ணம். பிரியாணிக்கு இல்லாத தடை குலசாமிக்கு மட்டும் எதற்கு?

 

ஆனால் புளியரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொதுவாக ஒன்று உண்டு: 1960-ல் வந்த மத்திய அரசின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். மத முறைப்படி வெட்டுவதை அது குற்றமாக்கவில்லை. வலிக்கும்படி வண்டியில் ஏற்றிப் போவதைக் குற்றம் என்கிறது. அதில் முதல் தடவைக்கு எழுதிய அபராதம் 10 முதல் 50 ரூபாய். 50 ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? அதனால்தான் உங்களிடமே ஒன்று கேட்கிறேன்.

போன வருஷம் நம் பக்கத்து நாரணாபுரத்தில் ஒரு டீக்கடை முன் லோடு ஆட்டோ நின்றது. பொங்கல் பானைக்கும் விறகுக்கட்டுக்கும் நடுவே ஒரு கடா. நாலு காலும் நைலான் கயிற்றில் ஒன்றாகக் கட்டியிருந்தது. கழுத்தில் மாலை, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. குளம்புக்கு மேல் கயிறு இறுகி ரோமம் போயிருந்தது.

"கால அவுத்து விடலாமே, அண்ணாச்சி?"

"குதிச்சிரும்னுதான் கட்டுனேன், சார்."

அவர் கொடுமைக்காரர் இல்லை. ஒரு வருஷம் பிள்ளை போல வளர்த்தவர். எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள், அவரும் கட்டினார். கழுத்துக் கயிற்றைக் கம்பியில் குட்டையாகக் கட்டி, அடியில் வைக்கோல் போட்டால் ஆடு நின்றுகொண்டே வரும். நடுவில் ஒரு வாளித் தண்ணீர். இந்தப் பங்குனிக்கு இதைச் செய்வீர்களா?

அன்றைக்கு அவரே அவிழ்த்தார். கடா இரண்டு தரம் தடுமாறி எழுந்தது. டீக்கடைக்காரர் வைத்த வாளியில் வாயை வைத்தது, வெகுநேரம் எடுக்கவே இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்