சுவரில் கொம்பு எதற்கு?

கொடைக்கானலில் இப்போது வாடகைக்கு விடும் காட்டேஜ்கள் பலவற்றில் நம்மை வரவேற்பது ஒரு மான் தலை. அசல் அல்ல, ஃபைபர். உரிமைச் சான்று இல்லாமல் அசலை மாட்டினால் 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வாசலில் வந்து நிற்கும். எதற்கு இது என்று கேட்டால், "இண்டீரியர் சார், துரை பங்களா மாதிரி இருக்கும்" என்கிறார்கள்.

துரை சுட்டான், மாட்டினான். நமக்கென்ன வந்தது? என் வயதுக்காரர்கள் வீட்டுக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஷோகேஸில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, மேலே பாசிமணியில் கோத்த அன்னம், பக்கத்தில் 'பேசும் படம்' இதழிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட சினிமாப் படம். எங்கள் வீட்டில் அது 'நல்ல நேரம்' எம்.ஜி.ஆர்., யானையோடு.

சாண்டோ சின்னப்பா தேவர் 1971-ல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி' எடுத்தார். மறு வருடம் அதையே தமிழில் 'நல்ல நேரம்' ஆக்கினார். 1977-ல் 'ஆட்டுக்கார அலமேலு'. நான் பார்த்த கொட்டகையில் ஸ்ரீப்ரியாவைவிட ஆட்டுக்குத்தான் கைதட்டல் அதிகம். இந்தி யானைப் படத்தில் கடைசியில் யானை குண்டடி பட்டுச் சாகும். பெண்கள் பக்கம் மட்டுமில்லை, பெஞ்சு டிக்கெட்டும் அழுதது. சுட்டவன் வில்லன். அந்த வில்லனின் ரசனையைத்தான் இன்று காசு கொடுத்துச் சுவரில் ஏற்றுகிறோம்!

"அந்த மிருகங்களையும் அடித்துத்தானே தாத்தா பழக்கியிருப்பார்கள்?" என்கிறாள் பேத்தி. நியாயமான கேள்வி. 2001 முதல் அதற்கென்று விதிகளே வந்துவிட்டன. ஆனாலும் படம் பார்த்த பிள்ளை யானையை உறவாக நினைத்தது. இந்த மான் தலையைப் பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்? கேட்டுக்கு வெளியே காட்டுமாடு வந்து நின்றால் அப்பனும் பிள்ளையுமாக ஒட்டி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அது முட்டினால் குடல் சரியும் என்று சொன்னால் என்னை முறைக்கிறார்கள்.

பாடம் செய்த விலங்கைப் பார்க்க ஆசையென்றால் செண்பகனூர் அருங்காட்சியகம் போங்கள். சேசு சபைப் பாதிரியார்கள் 1895-ல் தொடங்கியது. அங்கே படிப்புக்காக வைத்திருக்கிறார்கள், பவிசுக்காக அல்ல.

சினிமா மிருகம்தான் சுவருக்கு வேண்டுமா? எம்.ஜி.எம். சிங்கத்தை எல்லோரும் சொல்வார்கள். என் ஓட்டு பிரான்சின் பாத்தே கம்பெனிச் சேவலுக்கு. சேவலுக்குப் பிரெஞ்சில் 'கொக்' என்று வாத்தியார் சொன்ன அன்று, கொக்கை நினைத்து வகுப்பே சிரித்தது. பழனிக்கு மேலே குடியிருப்பவர்களுக்குச் சேவல் ஒன்றும் அந்நியம் இல்லை. முருகன் கொடியிலேயே இருக்கிறது. மான் தலை விற்கும் கடைக்காரரிடம் விசாரித்தேன். மண்ணில் செய்த சேவல் வரவழைத்துத் தருவாராம், விலையும் பாதிதான்.