ஊட்டிக்குப் போவதற்கு முன் சாத்தனூருக்குப் போங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் போன வாரம் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் போய் வந்தாகிவிட்டதாம். ஏழாவது படிக்கும் அவர் மகள், "நம்ம ஊர்ப் பக்கம் பார்க்க ஒண்ணுமே இல்லையா தாத்தா?" என்று என்னைக் கேட்டாள். அவர் முந்திக்கொண்டு, "இங்க என்னம்மா இருக்கு? வெயிலும் வெள்ளாறும்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு மாவட்டப் பாடம் நடத்தியவனே நான்தான்.

மேற்கே பச்சமலை, வடக்கே வெள்ளாறு, 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்த மாவட்டம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒரு வகுப்பைக்கூட சாத்தனூருக்கு அழைத்துப் போனதில்லை. அனுமதி, பஸ், செலவு என்று காரணம் சொல்லலாம். ஆனால் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் பஸ் பிடித்துப் போனோமே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பையன் நத்தை மாதிரி சுருண்ட கல் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தான். "தூக்கிப் போட்டுட்டு கணக்கு நோட்டை எடு" என்றேன். அது அம்மோனைட் என்று ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரினம் அது. அந்தப் பையன் இதைப் படித்தால், வாத்தியாரை மன்னித்துக்கொள்ளப்பா.

அன்று நடத்தாத பாடத்தை இன்று சுருக்கமாக நடத்திவிடுகிறேன்.

பச்சமலையின் பாறை மிக மிகப் பழையது. அதற்குக் கிழக்கே நம் மாவட்டத்தின் ஒரு பகுதியும் அரியலூரும் ஒரு காலத்தில் கடலாக இருந்தன. கரையில் நின்ற மரங்கள் அடித்து வரப்பட்டுச் சேற்றில் புதைந்தன. மரத்தின் அணுக்களுக்குப் பதிலாகச் சிலிக்கா புகுந்து அப்படியே கல்லாக மாறிவிட்டது. அப்படி ஒரு மரம்தான் சாத்தனூரில் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர், வயது சுமார் 12 கோடி ஆண்டு. 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் வெளி உலகுக்குத் தெரியப்படுத்தினார். பூக்கும் மரங்கள் பெருகுவதற்கு முந்தைய காலத்து மரம் அது.

பக்கத்திலேயே காரை. மழைநீர் அறுத்த களிமண் மேடுகளில் விரல் போன்ற கற்கள் கிடக்கும். அவையும் கடல் உயிர்களின் மிச்சம்தான். அரியலூர்ச் சிமெண்டுக்கு வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கடல் கொடுத்ததே. வளைகுடாவில் உழைத்து நீங்கள் கட்டிய வீடுகளின் சுவரில் அந்தக் காலத்துச் சிப்பி இருக்கிறது!

இதெல்லாம் தெரியாததால்தான் 2020-ல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது "டைனோசர் முட்டை" என்று வாட்ஸ்அப்பில் பறந்தது. கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம். முட்டை இல்லை, கடல் படிவக் கல் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னதும் சப்பென்று திரும்பிவிட்டோம். நம் தாலுகாவிலேயே கடல் இருந்ததற்குச் சாட்சி கிடைத்திருக்கிறது. அது முட்டையைவிடக் குறைந்த அதிசயமா?

போகும் வழியும் சும்மா இல்லை. திருமாந்துறை டோல்கேட் தாண்டி பெரம்பலூர் போகும்போது ரஞ்சன்குடிக் கோட்டை வரும். சென்னைக்கும் திருச்சிக்கும் போகையில் எத்தனை முறை அதைக் கடந்திருப்போம்! 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபக்கம் நின்று மோதியது இந்த வாலிகண்டபுரத்துப் பக்கம்தான். இந்தியாவை யார் ஆள்வது என்ற போட்டியில் நம் ஊர் மண்ணுக்கும் பங்குண்டு.

ஊட்டிக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். அடுத்த விடுமுறையில் ஒரே ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லைப் பெயர்த்து எடுக்காதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.

அந்தப் பெண் குழந்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சாத்தனூர். அவள் அப்பாவும் வருகிறார். வேனில் இன்னும் இடம் இருக்கிறது. வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
லப்பைக்குடிக்காடு