ஆபீஸ் பையன் போட்ட மெட்டு

மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விசுவநாதன் பிறந்த ஊரை ஏலப்பாறை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். ஏலப்பாறை, இடுக்கி மாவட்டத்தில் பீருமேட்டுப் பக்கத்துத் தேயிலை ஊர். அவர் 1928 ஜூன் 24-ல் பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழக எல்லைக்கு அருகே இருக்கும் எலப்புள்ளியில். பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிக்கிறது. நடுவே ஒரு மலைத்தொடரே கிடக்கிறது. பிறந்த ஊரிலேயே இந்தக் குழப்பம் என்றால், அந்தப் பிள்ளை பட்ட பாட்டை நாம் எந்த அளவுக்குக் காதில் வாங்கியிருக்கிறோம்?

நான்கு வயதில் தகப்பனார் சுப்பிரமணியன் நாயர் இறந்துபோனார். வறுமை தாளாமல் தாய் நாராயணிக்குட்டி பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு உயிரை விடத் துணிந்தார். கண்ணூர்ச் சிறையில் வேலை பார்த்த தாத்தா தடுத்து இருவரையும் காப்பாற்றினார். கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாடம். சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற அதே வயதில்தான், 13-ல், முதல் கச்சேரி.

நடிகனாகவும் பாடகனாகவும் ஆசைப்பட்டு ஜூபிடர் பிக்சர்ஸுக்கு வந்தவருக்குக் கிடைத்தது சில்லறை வேடமும் ஆபீஸ் பையன் வேலையும்தான். கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் இசைக்குழுவுக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பார். எல்லோரும் போன பிறகு ஆர்மோனியத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றே ஆகவேண்டும். 'அபிமன்யு' படத்தின் பாட்டு ஒன்றுக்கு இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவுக்கு மெட்டு பிடிபடவில்லை. ஆளில்லாத நேரத்தில் பையன் வாசித்துப் பார்த்த மெட்டு அவர் காதில் விழுந்தது. பாட்டுக்கு அதையே வைத்துக்கொண்டார். "நீ போட்டதென்று தெரிந்தால் யாரும் மதிக்கமாட்டார்கள், வெளியே சொல்லாதே" என்ற பொருள்படச் சொல்லியும் வைத்தார். படம் 1948-ல் வந்தது. பின்னர் ஜூபிடர் கோவைக் கடையைக் கட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பியபோது ஆட்களுக்குக் கணக்கு முடித்தார்கள். அந்த வேளையில் நாயுடு, முதலாளி சோமசுந்தரத்திடம் போய் உண்மையை உடைத்தார்: அந்த மெட்டு இந்தப் பையனுடையது, இவனை விட்டுவிடாதீர்கள். எம்.எஸ்.வி. இதைக் கண் கலங்க மேடைதோறும் சொல்லி வந்தார்.

திறமையிருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம் என்று பேசுகிறவர்களோடு நாம் உடன்படவில்லை. நாயுடு வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பையன் கணக்கை வாங்கிக்கொண்டு பாலக்காட்டுக்கு ரயிலேறியிருக்கக்கூடும். கேட்பாரில்லாமல் அப்படித் திரும்பிப்போனவர்கள் எத்தனை பேர் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

சென்னையில் சி.ஆர்.சுப்பராமன் குழுவில் ஆர்மோனியம். அங்கே வயலின் டி.கே.ராமமூர்த்தி. 1952-ல் சுப்பராமன் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற 'தேவதாஸ்' உள்ளிட்ட வேலைகளை இருவரும் முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு என்.எஸ்.கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் விசுவநாதன் – ராமமூர்த்தி என்ற பெயர் திரையில் வந்தது. மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மோகனத்தில் மெட்டமைத்ததும் இதே எம்.எஸ்.வி.தான். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தினமும் காலையில் பாடுவது எலப்புள்ளிக்காரரின் மெட்டை.

2015 ஜூலை 14-ல் அவர் மறையும்வரை ஒரு பத்ம விருதுகூட அவரைத் தேடி வரவில்லை. அந்தக் கோபம் நமக்கு இன்னும் ஆறவில்லை. அவரோ பேட்டிகளில் விருதுகளை விட நாயுடுவைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கடைசிக் காலத்தில் நாயுடுவைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டார் என்றும், 1979-ல் அவர் இறந்தபோது ஒரு மகன் செய்யவேண்டியதை எல்லாம் எம்.எஸ்.வி.யே செய்தார் என்றும் சொல்வார்கள்.