கண்டியில் கிடைத்த நியாயமான வெற்றி

2001-ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும் இந்திய கிரிக்கெட் ரசிகர்கள், ஆஸ்திரேலியாவை வீழ்த்திய கொல்கத்தா டெஸ்டோடு நின்றுவிடுகிறார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் கங்குலியின் அணி இலங்கையை ஏழு விக்கெட்டுகளில் வென்றதை நினைவுகூர்வோர் அரிது. தொடரை 2–1 என இழந்ததே காரணம்.

என் கட்சி, அது முற்றிலும் தகுதியான வெற்றி என்பதே. டெண்டுல்கர், கும்ப்ளே, லட்சுமண், ஸ்ரீநாத் நால்வரும் காயத்தால் ஆடவில்லை. காலியில் பத்து விக்கெட்டுகளில் தோற்று வந்த அணி, இங்கும் முதல் இன்னிங்ஸில் 42 ஓட்டங்கள் பின்தங்கியது. பின்னர் ஜாகிர் கானும் வெங்கடேஷ் பிரசாத்தும் இலங்கையை 221-க்கு மடக்கினார்கள். அதிலும் 67 ஓட்டங்கள் முரளிதரன் அடித்தவை! கண்டியில் பிறந்த தமிழர் சொந்த ஊரில் எடுத்த அந்த ஓட்டங்களே டெஸ்டில் அவருடைய உச்சம். (இந்தியா வெல்ல வேண்டுமென்று விரும்பிக்கொண்டே அவருக்கும் கைதட்டுவது தமிழ் ரசிகனின் பழைய சங்கடம்.)

அதே முரளி பந்துவீச, நான்காவது இன்னிங்ஸில் 264 என்பது சாதாரண இலக்கா? திராவிட் 75, அதுவரை ஓட்டமின்றித் தவித்த கங்குலி ஆட்டமிழக்காமல் 98. இலங்கை அசட்டையாக ஆடியது என்பார் உண்டு. மூன்றே விக்கெட்டுகளை இழந்து வென்றவர்களிடம் அந்த வாதம் எடுபடாது. அடுத்து கொழும்பில் இன்னிங்ஸ் தோல்வி கண்டோம் என்பது வேறு கதை.