சாவடி வாசலில் சாட்சிகள்

வேலைக்குப் போகிற மனிதனை வழிமறித்து, "சீட்டு எங்கே?" என்று துப்பாக்கி கேட்கிறது. சீட்டு இருந்தால் அன்றைய கூலி. இல்லாவிட்டால் வீட்டில் பட்டினி. பாலஸ்தீன மக்கள் மீது இஸ்ரேல் ராணுவம் பல்லாண்டுகளாக நடத்திவரும் ஆட்சி இதுதான்.

பெத்லகேமிலிருந்து ஜெருசலேம் ஏறக்குறைய 10 கிலோ மீட்டர். மாடம்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகிற தூரம். நம் கொத்தனாரும் சித்தாளும் விடியற்காலையில் தூக்குச்சட்டியுடன் புறப்பட்டால் அந்தத் தூரத்தை யார் உத்தரவும் இல்லாமல் கடந்து விடுகிறார்கள். பெத்லகேம் தொழிலாளியோ, 2023 அக்டோபருக்கு முன், அதிகாலை 3 மணிக்கே இரும்புக் கம்பிகளுக்கிடையே வரிசையில் நின்றான். அதற்குப் பிறகு பெரும்பாலோருக்கு அந்த வரிசையும் அடைபட்டது.

இந்த வாசல்களில் ஒரு கூட்டம் பெண்கள் நோட்டுப் புத்தகத்துடன் வந்து நின்றார்கள். அவர்கள் இஸ்ரேலியப் பெண்கள். 2001-ம் ஆண்டு தொடங்கிய அவர்களது அமைப்புக்கு 'மாக்சோம் வாட்ச்' என்று பெயர். 'மாக்சோம்' என்றால் எபிரேய மொழியில் சோதனைச் சாவடி. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. வாசல் எப்போது திறந்தது, எத்தனை பேர் நின்றார்கள், யார் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று எழுதி, நாட்டு மக்கள் முன் வைத்தார்கள். சீட்டு வழங்கும் அலுவலகத்துக்கும் ராணுவக் கோர்ட்டுக்கும் போனார்கள். காரணம் சொல்லாமல் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள்.

தன் நாட்டுச் சர்க்கார் செய்யும் கொடுமையைத் தன் கண்ணால் பார்த்துத் தன் நாட்டாரிடமே சொல்லுவது எளிய காரியமல்ல. 'துரோகி' என்ற வசை கூடவே வரும். அந்த வசையைச் சுமந்து நின்ற மாதரை நாம் பாராட்டுகிறோம்.

இது எங்கோ தூரத்துச் சங்கதி என்று தமிழ்த் தொழிலாளி நினைக்க முடியாது. கடலுக்கு அப்பால், வவுனியாவில், நம் மொழி பேசும் மக்கள் இதே சீட்டு ஆட்சியில் வாடினார்கள். யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வவுனியாவுக்குள் வரவும், அங்கிருந்து கொழும்புக்குப் போகவும் ராணுவமும் போலீசும் 'பாஸ்' கேட்டன. ஒரு நாள் பாஸ், ஒரு வாரப் பாஸ், ஒரு மாதப் பாஸ் என்று மனிதன் நடமாட்டத்தை அளந்து கொடுத்தார்கள். வன்னியை விட்டு வெளியேறப் புலிகளிடமும் சீட்டு வாங்க வேண்டியிருந்ததை நாம் மறைக்கவில்லை. இரண்டு துப்பாக்கிகளுக்கிடையே நசுங்கியவன் ஏழைதான்.

அவர்களில் பலர் யார்? தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, 1977 கலவரத்தில் விரட்டப்பட்டு, வன்னிக் காட்டோரம் விவசாயக் கூலிகளாகக் குடியேறியவர்கள். யுத்தம் அங்கிருந்தும் விரட்டியது. சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், 2002 செப்டம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், இந்தப் பாஸ் முறைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. இத்தனை ஆண்டுகள் மக்களைக் கட்டிவைத்த கயிறு வெறும் அதிகாரத் திமிரால் திரிக்கப்பட்டது என்பது அம்பலமாயிற்று.

ஆயினும் திமிர் அடங்கவில்லை. 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் போலீசார் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு வெளியேற்றினார்கள். கொழும்பிலேயே நியாய உணர்வு கொண்டோர் கோர்ட்டுக்குப் போனார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சில தினங்களில் பிரதமரே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

அங்கும் சாட்சிகள் இருந்தார்கள். ஆள் கடத்தல்களைப் பதிவு செய்ய 2006-ல் அமைந்த மக்கள் கண்காணிப்புக் குழுவில் மனோ கணேசனும், நடராஜா ரவிராஜும், சிங்கள சோஷலிஸ்ட் தலைவர் சிறிதுங்க ஜயசூரியவும் ஒன்றாக நின்றார்கள். அந்த ஆண்டு நவம்பர் 10-ந் தேதி ரவிராஜ் கொழும்பு வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுதி வைக்கும் பேனாவுக்கு ஆளுவோர் எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையா?

'எல்லாம் பாதுகாப்புக்காக' என்பார்கள். அப்படியானால் சீட்டை விற்றுப் பிழைக்கும் தரகர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இஸ்ரேலில் வேலை செய்யப் பாலஸ்தீனத் தொழிலாளர்கள் ஏராளமானோர் மாதாமாதம் தரகருக்குக் கப்பம் கட்டினார்கள். நம் பாட்டனாரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன கங்காணியின் தம்பிதான் இந்தத் தரகன். சீட்டைக் கையில் வைத்திருப்பவன் கூலியையும் கையில் வைத்திருக்கிறான். வாய் திறந்தால் சீட்டு ரத்து. சங்கம் சேர்ந்தால் சீட்டு ரத்து. முதலாளிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

2023 அக்டோபரில் யுத்தம் மூண்டதும், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளர்களின் சீட்டுகள் நிறுத்தப்பட்டன. அவர்கள் நின்ற இடத்தை நிரப்ப 2024 ஜனவரியில் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் நம் நாட்டுக் கட்டடத் தொழிலாளரை ஆள் எடுத்தார்கள். போனவர்களை நாம் ஏசவில்லை. உள்ளூரில் வேலையில்லாத கொடுமை அவர்களைத் தள்ளியது. ஆனால் ஒரு தொழிலாளியின் வயிற்றில் அடித்து, அந்தக் கரண்டியை இன்னொரு தொழிலாளியின் கையில் கொடுக்கும் சூழ்ச்சியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏ.ஐ.டி.யூ.சி., சி.ஐ.டி.யூ. உள்ளிட்ட மத்தியத் தொழிற்சங்கங்கள் 2023 நவம்பரிலேயே இதை எதிர்த்தன. 2024 பிப்ரவரியில் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்கு ஆயுதம் ஏற்றமாட்டோம் என்று அறிவித்தது. சாட்சி சொல்லுவது முதல் படி. கையை மடக்குவது அடுத்த படி.

நம் கடமை நம் வாசலிலும் இருக்கிறது. 1983 முதல் அகதிகளாக வந்த ஈழத் தமிழரில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கிறார்கள். 2021-ல் முகாமின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. தணிக்கை நாளில் வேலையை விட்டு ஓடிவந்து நிற்கும் நிலை மாறியதா? இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் குடியுரிமை கிடைத்ததா? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்திவிட்டதே!

முகாம் மக்களுக்குக் குடியுரிமை வழங்க வேண்டும், நடமாட்டத்துக்குப் போடப்பட்ட கட்டுப்பாடுகளை வாபஸ் வாங்க வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளை வற்புறுத்துகிறோம். தாம்பரம் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் உள்ள ஆலைச் சங்கங்களும், கட்டடத் தொழிலாளர் சங்கங்களும், விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இந்தக் கோரிக்கையைத் தங்கள் கூட்டங்களில் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். முகாம் மனிதன் மனுவுடன் தாலுகா ஆபீஸ் படியேறும்போது, சங்கத் தோழர் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் பக்கத்தில் நிற்கட்டும்.

ஜெருசலேம் பெண்களால் முடிந்தது நம்மால் முடியாதா?