தொட்டுக்கொள்ள ஒரு கூத்து!

சாப்பாட்டுக் கடையில் பாட்டும் ஆட்டமும் வைப்பது புதிய விஷயம் இல்லை. ஜெய்ப்பூரின் சோக்கி தாணி அதற்கே பேர் போனது. ராஜஸ்தான் சாப்பாடு, கூடவே நாட்டுப்புற ஆட்டம், பொம்மலாட்டம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவிலும் கலை நிகழ்ச்சி உண்டு, சாப்பாடும் உண்டு. கல்யாண வரவேற்புகளில் வாசலில் பொய்க்கால் குதிரை ஆடுவது இன்று சர்வசாதாரணம்.

சரி, கலைஞருக்கு நாலு காசு கிடைக்கிறது, விருந்தாளிக்குப் பொழுது போகிறது. இதில் என்ன தப்பு? தப்பு இல்லை. ஆனால் கலை அங்கே விருந்தா, அல்லது சாம்பார், சட்னி மாதிரி தொட்டுக்கொள்ளவா? அதுதான் கேள்வி.

இதற்கு நல்ல உதாரணம் எத்தியோப்பியாவில் இருக்கிறது. அங்கே பாரம்பரிய உணவகங்களில் இஞ்செரா என்று ஒன்று பரிமாறுவார்கள். டெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்துச் சுடுவது. பார்த்தால் பெரிய ஆப்பம் மாதிரி, ருசியில் நல்ல புளிப்பு. ஒரே தட்டில் அதை விரித்து, மேலே குழம்பு வகைகளை ஊற்றி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் வாயில் அன்போடு ஒரு கவளம் ஊட்டுவதும் உண்டு, அதற்குப் பேர் குர்ஷா. தோள்களைக் குலுக்கி ஆடும் எஸ்கிஸ்தா ஆட்டமும் அங்கே நடக்கும்.

இவர்களோடு அஸ்மாரி என்ற பாடகர்கள் உண்டு. இவர்கள் பாடுவதற்கென்றே தனி விடுதிகளும் உண்டு. கையில் மசின்கோ என்ற ஒற்றைத் தந்தி வாத்தியம். வந்திருப்பவரைப் பார்த்து அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவார்கள். புகழ்வார்கள், கிண்டலும் செய்வார்கள். கேட்பவர் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் அதையும் சேர்த்துப் பாடுவார்கள். வெளியே ஒரு பொருள், உள்ளே ஒரு பொருள் வைத்துப் பாடும் முறைக்கு அங்கே 'மெழுகும் பொன்னும்' என்று பெயர். மெழுகில் உருவம் செய்து, அதை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை வார்ப்பார்களே, அதே கணக்கு. சுவாமிமலைச் சிற்பியும் காளமேகப் புலவரும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி! அங்கே விருந்தாளி தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. பாட்டு அவரைத் தேடி வந்துவிடும்.

இதெல்லாம் ஒலக்கூர் பக்கத்துக்காரர்களுக்குப் புதுசாகத் தெரியுமா என்ன? தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதுதானே. ராஜா வேஷத்தையும் கிண்டல் செய்வான், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையும் விடமாட்டான். விழுப்புரம் மாவட்டம் கூத்து விளைந்த மண். திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலக்கோயில் என்று சொல்லப்படும் மேலச்சேரி செஞ்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய ஆய்வு நூல் 1988-ல் வெளிவந்தது. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி என்று நாள் கணக்கில் நடக்கும். அங்கேயும் சாப்பாடு உண்டு, கூழும் அன்னதானமும். சாப்பிட்டு முடித்த ஊர் விடியவிடியக் கூத்துப் பார்க்கும். கூத்துக்குப் பிறகுதான் தூக்கம்.

இப்படிப்பட்ட கூத்தைப் பத்து நிமிடத்துக்குச் சுருக்கி, ஐஸ்கிரீம் வரும் நேரத்தில் ஆடவிட்டால் என்ன ஆகும்? முகத்துக்கு அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டவே மணிக்கணக்காகும். அவ்வளவும் செய்தபின் பாட்டு இல்லை, வசனம் இல்லை, ஒரு சுற்றுக் கிறுகிறுப்பு ஆடிவிட்டு, செல்ஃபிக்கு நிற்க வேண்டியதுதான். அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் யாருக்காகத் தபசு செய்கிறார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அதற்காக ஓட்டல்காரர் கூத்தைக் கூப்பிடவே கூடாது என்பது சரியல்ல. கோயில் விழாக்கள் பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடி வரைதான். மற்ற மாதங்களில் ஜமாவுக்குக் கூப்பாடு குறைவு. கூலி வேலைக்கும் விவசாயத்துக்கும் போய்ச் சமாளிக்கிறவர்கள் நிறைய. சென்னையிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸும் காரும் ஒலக்கூரைத் தாண்டித்தான் திண்டிவனம் போகின்றன. அந்தச் சாலையில் சாப்பிட நிற்பவர்களில் நூறில் ஒருவர் கூத்துப் பார்க்க உட்கார்ந்தாலும் அது வருமானம்தான்.

ஆனால் சில கட்டுப்பாடுகள் வேண்டும்:

1. சாப்பாடு முதலில், கூத்து பிறகு. தட்டுச் சத்தத்துக்கு நடுவே வேண்டாம்.

2. குறைந்தது ஒரு மணி நேரம், ஒரு முழுக் கட்டம். ஆரம்பிக்கும்முன் கதையை நாலு வரியில் ஒருவர் சொல்லிவிட வேண்டும்.

3. கட்டியங்காரனுக்கு வாய்ப்பூட்டு போடக்கூடாது. ஓட்டல் முதலாளியையும் அவன் கிண்டல் செய்யட்டும்!

4. சம்பளம் முன்கூட்டியே பேசி முடிவு செய்யப்பட வேண்டும். விருந்தாளி தரும் அன்பளிப்பு அதற்கு மேல், அதற்குப் பதிலாக அல்ல.

5. ஆடுபவர்களுக்கும் அதே சாப்பாடு, அதே மேஜை. பின்கட்டில் பொட்டலம் அல்ல.

கடைசி விஷயம்தான் முக்கியம். எத்தியோப்பியத் தட்டின் பெருமை குழம்பில் மட்டும் இல்லை, எல்லோரும் ஒரே தட்டில் கை வைப்பதில் இருக்கிறது. கிரீடத்தோடு நிற்கும்போது ராஜா என்று கைதட்டிவிட்டு, அதைக் கழற்றியதும் கொல்லைப்புறமாக அனுப்பும் கடை, வாசலில் 'பாரம்பரியம்' என்று எவ்வளவு பெரிய போர்டு வைத்தாலும் பிரயோஜனமில்லை. அடுத்த முறை அப்படி ஒரு கடைக்குப் போகிறவர்கள், பில் கட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "ஆடினவங்க சாப்பிட்டாங்களா?"